மதகுக்கு இந்தப் பக்கம்

ஜன்னல் கம்பியில் செருகியிருக்கும் அந்த மயிர்ச் சுருளைப் பார்க்கவே கூடாது என்று மாராயி விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் காந்தாவின் வேலை அது. தலை வாரி முடித்ததும் சீப்பில் சிக்கியதை உருவி, விரலில் சுற்றி, எச்சில் தொட்டு உருட்டி, கம்பி இடுக்கில் திணித்துவிடுவாள். கீழே போட்டால் கோழி காலில் சுற்றிக்கொள்ளுமாம். ஆஸ்பத்திரியில் ஏது கோழி. அவளுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் கிடந்தவளும் அதையே செய்திருக்கிறாள், அதற்கு முன்னால் கிடந்தவளும். பிள்ளையைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மயிரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றடித்தபோது அந்தச் சுருள்கள் அசைந்தன. மாராயிக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப வேண்டும் என்றால் கக்கூசுக்குப் போக வேண்டும், கக்கூசை நினைத்ததும் இன்னும் ஊறியது. விழுங்கினாள். சத்து மாத்திரையின் துருநாற்றம் தொண்டையோடு இறங்கியது. பினாயில் ஒரு நாற்றம், பினாயில் போட்டும் போகாதது ஒரு நாற்றம், தலையணையில் யார் யாரோ தேய்த்துவிட்டுப் போன விளக்கெண்ணெய் ஒரு நாற்றம். அடியில் ரப்பர் விரிப்பு, திரும்பிப் படுத்தால் தொடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மலை ரோடு முடிகிற இடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், அதன் முதுகில் ஒட்டினாற்போல் இந்த அறை. பிரசவக் காத்திருப்பு அறை என்று வாசலில் பச்சை எழுத்து. ரோடு எட்டாத ஊர்க்காரிகள் வலி வருவதற்கு முன்னாலேயே இறங்கி வந்து படுத்துக்கிடக்கிற இடம். இன்றைக்கு மத்தியானம் புருசன் சடையன் சோறு கொண்டுவருவான். சோறு மட்டும் கொண்டுவரவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போகவும் வருகிறான். அது அவளுக்குத் தெரியும், நர்சம்மாவுக்குத் தெரியாது.

போய்விடலாம். இந்த ரப்பரை விட்டு, இந்த மயிரை விட்டு, சுவரில் சிரிக்கிற அந்தக் கொழுத்த குழந்தைப் படத்தை விட்டு. படத்தில் குழந்தையின் கன்னத்தில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவியிருக்கிறார்கள், விரலைத் துடைக்க வேறு இடம் தேடச் சோம்பல். போய்விடலாம்தான். அவள் ஊர் ஆனைச்சுனைக்கு ஏறி, அவள் வீட்டுச் சாணம் மெழுகிய தரையில் ஒருக்களித்துப் படுத்தால் போதும், இந்தக் குமட்டல் நின்றுவிடும். நின்றுவிடுமா? அங்கேயும் ஒரு நாற்றம் இருக்கத்தான் செய்தது, ஊருக்கு வெளியே, புங்க மரத்துக்குக் கீழே. ஒதுக்குக் குடிசை. மாதவிலக்கானவள் மாதம் மாதம் போய் உட்காருவது, பிள்ளை பெற்றவள் போய்க் கிடப்பது. குனிந்துதான் நுழைய முடியும். ஊறிய வைக்கோல், பழைய துணி, சாம்பல், போன மழைக்குச் செத்த எலி. சோற்றை வெளியே ஒரு கல்லில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்று கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அவளுக்குக் கோபம் இருந்ததே இல்லை. மழை பெய்தால் நனைகிறோம், அந்த மாதிரி. இந்த அறைக்கு வந்த பிறகுதான் அருவருப்பே வந்தது, அதுவும் ஊர் இதற்கு ஒரு பெயர் வைத்ததால். கவருமெண்டு கட்டிவைத்த ஒதுக்குக் குடிசை. ஊரில் ஒருத்தருக்கும் இதைப் பற்றி வேறு மாதிரி நினைக்கவே தெரியவில்லை. பிள்ளை பெறப்போகிறவள், தனி அறை, ஊருக்கு வெளியே, பொம்பளைகள் மட்டும். பிறகு என்ன அது? ஒதுக்குக் குடிசைதான். சிமிண்டு போட்டது, ஃபேன் மாட்டியது. ஊர்த் தலைவர் ஊர்க்கவுண்டர் தொடங்கி ஒருவர் தவறாமல் எல்லோரும் அப்படியே புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதோடு விட்டார்களா? வலி வருவதற்கு முன்னாலேயே போய் ஒதுக்குக் குடிசையில் உட்காருகிறாளே, வராத தீட்டை வருந்திக் கூப்பிடுகிறாளே, இவள் வீட்டு வாசலில் எப்படிச் சாமி இறங்கும் என்று ஆரம்பித்தார்கள்.

ஆளாளுக்கு ஒன்று. மாமியார் சொன்னாள், நான் அஞ்சு பெத்தேன், ஒண்ணுக்கும் எறங்கிப் போவல, இவளுக்கு மட்டும் என்னா, ஒடம்பு சொகம் கேக்குது. அஞ்சில் மூன்று புங்க மரத்துக்குக் கிட்டேதான் புதைந்திருக்கிறது, அதை மாமியார் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்க போனா வயித்த அறுத்துருவாங்க. அறுத்தாக்கூடப் பரவாயில்ல, அப்படியே கருப்பைய முடிச்சிப் போட்டு அனுப்பிருவாங்க. ஊசி போட்டு அவங்க சொல்ற நாள்ல எறக்கிருவாங்க, நம்ம நாளு கெழமை பாக்கமாட்டாங்க. ஆட்ட யாரு பாக்கறது. அடுப்ப யாரு பத்த வைக்கிறது. புருசன்காரனுக்குச் சோறு? இதைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருசன் சோறு ஆக்கிக்கொள்வான், மாடு ஓட்டுவான், துணி துவைப்பான், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது. காந்தாவிடம் இதையெல்லாம் சொன்னால் காந்தா வாயில் பழத்தோடு சிரிக்கிறாள். எங்க ஊர்ல இன்னொண்ணு சொல்றாங்க, இங்க படுத்தா ஆம்பளப் புள்ள பொட்டையா மாறிடுமாம் என்று சொல்லிவிட்டு, தின்ற பழத்தோலைக் கட்டிலுக்கு அடியில் போடுகிறாள். அந்தத் தோலுக்குக் கூட்டமாக ஈ. காந்தாவுக்குத் துணைக்கு அவள் அம்மா வந்திருக்கிறாள், வராந்தாவில் பாயில் படுத்து நாள் முழுக்கக் குறட்டை. மாராயிக்கு யாரும் இல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டப்போகிற நேரத்தில் எவள் வந்து தீட்டு வீட்டு வாசலில் படுப்பாள்? தொணைக்கு ஆள் யாரும்மா, தொணைக்கு ஆள் யாரு என்று நர்சம்மா தினமும் கேட்கிறாள். பவுடர் கரைந்து வழிகிற கழுத்தோடு குனிந்து வயிற்றில் கை வைத்து, வருவாங்களா மாட்டாங்களா, ராத்திரியில திடீர்னு வலி வந்தா யாரு என்னைய எழுப்புறது. வருவாங்க என்று மாராயி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பொய் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே இப்போது மாத்திரை நாற்றம் வந்துவிட்டது.

வயிற்றில் உருண்டது. வலது பக்கம் ஒரு முட்டு முட்டி, அப்படியே இழுத்துக்கொண்டு போயிற்று. குதிகாலாக இருக்கும். முதல் பிள்ளையும் வலது பக்கம்தான் முட்டும். நினைக்காதே. மயிரைப் பார். மயிரைப் பார்ப்பதே மேல். ஆனால் அது அவள் சொல்லிக் கேட்கிற நினைப்பில்லை, ஒரு மழைக்கால மத்தியானத்தில் கிளம்பி, மூங்கிலில் கட்டிய போர்வைக்குள் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. டோலி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பின்னால் இருந்தவர்களில் ஒருவன் சடையன். போர்வை அவள் எடையில் இறுகி முதுகை வில்லாக வளைத்தது. மழைத் தண்ணீர் மூங்கில் வழியே ஓடி வந்து அவள் வாயில் சொட்டியது, மூங்கில் ருசியும் யாருடைய கை வேர்வையோ அந்த ருசியும். ஓடைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது பனிக்குடம் உடைந்தது. போர்வை நனைந்தது, முதலில் தண்ணீர், பிறகு சூடாக வேறு. அது போர்வையைத் தாண்டிச் சொட்டியபோது முன்னால் தூக்கியவன் நின்றான். என்னடா என்றான் ஒருவன். தீட்டு எறங்கிடுச்சி என்றான் மற்றவன். அவ்வளவுதான். கீழே வைத்தார்கள். கல்லுக்கு மேலே, மெதுவாகத்தான் வைத்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவன் பொம்பளைகளைக் கூட்டி வர மேலே ஓடினான். மற்ற இரண்டு பேரும் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், பிறகு மழைக்குப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிப் போனார்கள். சடையன் மட்டும் கொஞ்சம் கிட்டே. ஆனால் தள்ளித்தான். அவள் கூப்பிட்டாள். மாமா, தூக்கு, என்னையத் தூக்கிப் புடி, அது வருது, என்றாள். அவன் முகம் முழுக்கத் தண்ணீர், மழையோ அழுகையோ. யாரும் பாக்கல மாமா, வா, என்றாள். அவன் வரவில்லை. ஆத்தா பாத்துக்கிட்டிருக்கா புள்ள, என்றான்.

மாரியாத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை வந்தபோது அதன் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அவள் கைக்கு எட்டவில்லை, எட்டியபோது வழுக்கியது. அந்த வழுக்கல் இன்னும் விரலில் இருக்கிறது. ரப்பர் விரிப்பைத் தொட்டால் அதே வழுக்கல். அதனால்தான் இதைத் தொட முடியவில்லை, மற்றபடி ரப்பர் என்ன பாவம் செய்தது? பொம்பளைகள் வந்து சேர்ந்தபோது முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. பிறகு அந்த நாலு பேரும் ஓடையில் முங்கி எழுந்து மூங்கிலைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். மூங்கிலைத்தான் கழுவினார்கள். நல்ல மூங்கில், வீணாக்கக் கூடாது. ராத்திரி சடையன் அழுதான். பக்கத்தில் வந்து அழவில்லை, அவள் ஒதுக்குக் குடிசையில் கிடந்தாள், அவன் புங்க மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். குமட்டியது. இன்றைக்கும் அதை நினைத்தால் குமட்டுகிறது. இறந்த பிள்ளையை நினைத்தால் வருவது வேறு. அவன் அழுகைச் சத்தத்தை நினைத்தால்தான் வாயில் எச்சில் ஊறுகிறது. நல்லவன் அவன். கை நீட்டி அடித்ததில்லை. சாராயம் இல்லை. இந்தத் தடவை மலை ஊர்களுக்குச் சுற்றுக்கு வருகிற நர்சு, மொதப் புள்ள போச்சி, இந்தப் புள்ளையும் போகணுமா, முன்னாடியே எறக்கிவிடு என்று திட்டியபோது, சரிம்மா என்று தலையை ஆட்டியவன்தான். மதகு வரைக்கும் கூடவே வந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மதகு இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பக்கம்தான். தூக்குவாளியை மதகுக் கட்டையில் வைத்துவிட்டு, உண்ணிச்செடி வரைக்கும் பின்னால் போய் நின்று, மாராயீ என்று கூப்பிடுவான். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் எடுப்பாள். அதற்குள் எறும்பு வந்துவிடும். எறும்போடு தின்பாள்.

இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் மாரியம்மனுக்குக் காப்பு. காப்புக் கட்டிவிட்டால் அவ்வளவுதான், அது அவிழ்கிற வரைக்கும் ஊரை விட்டு யாரும் இறங்கக் கூடாது, வெளியே இருப்பவர் ஏறக் கூடாது. திருவிழா முடியத்தான் அவிழ்ப்பார்கள். அதற்குள் பிள்ளை வந்துவிடும், நர்சம்மா கையை வைத்துப் பார்த்துச் சொன்னாள், தலை எறங்கிடுச்சி, எந்த நேரமும் வரும். போனால் காப்புக்குள் மாட்டிக்கொள்வாள். டோலி கூட வராது. கெஞ்சினாலும் வராது. போகாவிட்டால் சடையன் வீட்டை ஊரே ஒதுக்கிவைத்துவிடும். இந்த வருசம் கரகம் எடுப்பது அவன் முறை. அவன் அப்பனுக்குக் கிடைக்காத முறை, அவன் மாமனுக்குக் கிடைத்து அந்த மாமனும் செத்துப்போனான், ஆகக் கடைசியில் இவனிடம் வந்திருக்கிறது. அதற்காகப் பெண்டாட்டியைத் தீட்டு வீட்டிலிருந்து மேலே கூட்டிக்கொண்டுவந்து, ஓடையில் குளிக்கவைத்து, பூசாரி கையால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவைத்து வீட்டுக்குள் விட்டால் போதும் என்று ஊர்க்கவுண்டர் பெரிய மனசு பண்ணியிருக்கிறார். ஓடையில். எந்த ஓடை என்று ஊர்க்கவுண்டருக்கு நினைவிருக்காது. கரகக்காரனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. விரதத்தில் அவன் தீட்டைத் தொட்டால் தொட்டதுதான், காப்பு அவிழும் வரை ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது. முன்னொரு வருசம் ஒருத்தன், மங்கலம் புருசன், ஒதுக்குக் குடிசையில் பிறந்த பிள்ளை புரைக்கேறி அழுகிறதே என்று உள்ளே எட்டித் தூக்கிவிட்டான். கரகம் இன்னொருத்தன் தலைக்குப் போயிற்று. இவன் கீழ்க்காட்டில் சோளக் கொட்டாயில் கிடந்து உடுக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரே சிரித்தது. மாராயியும்தான் சிரித்தாள். அட, அந்தப் பிள்ளை பிழைத்தது. அதை யாரும் பேசுவதில்லை, அவளும் இதுவரை நினைத்ததில்லை. இப்போது இந்த நாறுகிற அறையில் கிடந்து நினைக்கிறாள்.

காந்தா தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தின்னு, இங்க போடுற சோறும் சோறுதான். சாம்பாரில் யாரோ சப்பிப் போட்ட மாதிரி முருங்கைக்காய். மாராயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போயிடுவேன் இன்னைக்கு, என்றாள். காந்தா கையை நக்கிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து அந்த முருங்கைக்காயைத் தானே சப்ப ஆரம்பித்தாள். அது மாராயிக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருக்கலாம். அப்போதுதான் வெளியே அந்தக் குரல், வெயிலில் காய்ந்து, மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து: மாராயீ.

போனாள். செருப்பு இல்லை, தார் சுட்டது. சடையன் புது மஞ்சள் வேட்டியில் இருந்தான், முகம் மழித்து, நெற்றியில் குங்குமம், மாப்பிள்ளை மாதிரி. வாளியைக் கட்டையில் வைத்தான், உண்ணிச்செடிக்கு நகர்ந்தான். நகரும்போது காலைப் பார்க்காமலே நகர்ந்தான், அத்தனை பழக்கம்.

"சாமைச்சோறு புள்ள. அம்மா மொச்சக் கொழம்பு வச்சுது. தின்னுட்டுக் கெளம்பு, வெயில் எறங்கறதுக்குள்ள ஏறிடலாம். ஓடையில ஒரு முழுக்குப் போட்டுட்டாப் போதும்னு கவுண்டரு சொல்லிட்டாரு."

வாளி மூடியில் ஏற்கனவே ஓர் எறும்பு. அவளுக்கு அந்த எறும்பைப் பார்த்ததும், எங்கிருந்து வந்ததோ, தொண்டை வரைக்கும் ஒரு அருவருப்பு வந்தது. அறைமேல் இல்லை. காந்தா மேல் இல்லை. அந்தக் கட்டைக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவில் கிடந்த வெறும் தரை மேல். கல்லில் வைத்துவிட்டு எட்டி நிற்கிறான். ஓடையிலும் இவ்வளவு தூரம்தான்.

"கையில குடு," என்றாள்.

"என்னா?"

"எடுத்து என் கையில குடு. மத்தத அப்புறம் பேசலாம்."

"வெரதம் புள்ள. தெரிஞ்சிக்கிட்டே கேக்கறியே."

"எறும்பு ஏறுது. நான் எறும்பு திங்கமாட்டேன். இன்னையோட திங்கமாட்டேன்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். மோர் விற்கிறவன் சைக்கிள் போயிற்று. சடையன் அவன் போகிற வரைக்கும் பார்த்தான். மேலே பார்த்தான், மலையை. அவள் கையை மடக்கவில்லை. இவன் வரமாட்டான், அப்போதும் வரவில்லை, இப்போது மட்டும் ஏன் வரப்போகிறான், இந்த மஞ்சள் வேட்டிக்காரன், என்று நினைத்தாள்; நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் உண்ணிச்செடியை விட்டு வந்தான். திருடன் மாதிரி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தான். வாளியை எடுத்தான். எறும்பை ஊதினான். மதகைத் தாண்டி அவள் கையில் வைத்தான். கைப்பிடி சுட்டது, அவன் விரல் அதைவிடச் சுட்டது. விரல் விரலில் பட்டது, படாமல் கொடுக்க அவனுக்குத் தெரியவில்லை.

"சரி, குடுத்துட்டேன்," என்று மூச்சு வாங்கினான். "யாரும் பாக்கல. வா, போயிடலாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்வையில் குங்குமம் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது.

"ஆத்தா பாத்துக்கிட்டிருக்கா மாமா," என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது கண்ணில் தெரிந்தது, ஓடையும் சேர்த்துப் புரிந்தது தெரிந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊருக்குத் தெரியாமல் ஏறலாம். கரகத்தையும் தலையில் வைக்கலாம். ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை, நம்புகிறவன், அதுதான் அவன் லட்சணம். மதகுக் கட்டையில் உட்கார்ந்தான், இந்தப் பக்கம். கரகம், என்றான். அழுவானோ என்று அவள் பயந்தாள், அழுதால் அடித்திருப்பாள். அவன் அழவில்லை. அவளுக்கு அவன் மேல் பரிதாபம் வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசிதான் வந்தது. அங்கேயே நின்று வாளியைத் திறந்து, சாமைச்சோற்றைக் கையால் அள்ளித் தின்றாள். மொச்சைக் குழம்பு லேசாகப் புளித்துவிட்டிருந்தது. தின்றாள்.

வராந்தாவிலிருந்து நர்சம்மா எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது? தொணைக்கு வந்தவரா?"

மாராயி வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினாள்.

"நான் எங்க படுக்கறது?" என்று சடையன் கேட்டான், கையை இன்னும் தன் வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"வராந்தாவுல பாய் கெடக்கு," என்றாள். "நாறும். பழகிடும்."